பீட்டர் அம்மாவின் கை

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். போன வருஷம் வரைக்கும் இப்படி யாராவது சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். திண்டிவனத்தில் பைக் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன், ஆக்சிடென்ட்டில் ஆள் போன வண்டியை ஷெட்டுக்குள் போட்டு அதன் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கியவன் நான், ஆவி கீவி என்றெல்லாம் எனக்கு ஒரு பயமும் கிடையாது. ஆனால் இது என் கையால் தொட்டுப் பார்த்தது. அதனால்தான் சொல்கிறேன்.

பீட்டரும் நானும் ஒரே வகுப்பு. வல்லம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவன் வீடு, அப்பா கிடையாது, அம்மா களை வெட்டியும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பறித்தும் அந்தக் கூலியில்தான் அவனைப் படிக்க வைத்தார். பிளஸ் டூ முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். சில வருஷத்தில் வடக்கே மலைமேல் நடந்த சண்டையில் செத்துப்போனான். பெட்டி வந்தது, திறக்கக் கூடாது என்று கூட வந்த ஆபீசர் சொல்லிவிட்டார். அம்மா பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, "மூஞ்சி வாணாம் சார், காலையாவது காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் காட்டவில்லை.

போன மே மாதம் பழைய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து, எங்கள் பள்ளியில் படித்துப் போரில் உயிரை விட்ட மூன்று பேரின் பெயரைக் கல்லில் வெட்டிப் பள்ளி வாசலில் வைத்தோம். மற்ற இரண்டு பேரும் நாங்கள் பிறப்பதற்கு முந்தைய சண்டைகளில் போனவர்கள், அவர்கள் வீட்டு ஆட்களை எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. பீட்டர் அம்மாவை மட்டும் நானே போய் காரில் அழைத்து வந்தேன்.

விழா முடிந்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அம்மா கல்லைச் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம்புள்ள எந்த ரூம்ல குந்திக்கினு படிச்சான் சேகரு?"

மாடிக்கு அழைத்துப் போனேன். கத்திரி வெயில், லீவு வேறு, பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. சன்னலோரக் கடைசி பெஞ்சைக் காட்டினேன். "நீ போய் சாப்புடுப்பா, நான் செத்த நேரம் இருந்துட்டு வர்றேன்" என்றார். எனக்குப் போக மனசில்லை, வெளியே வராந்தாவில் நின்றேன்.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. வயசானவர், தனியாகப் புலம்புகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் புலம்பல் இல்லை அது, நடுநடுவே நிறுத்தி 'உம்' கொட்டிக் கேட்டார், மறுபடி பேசினார். அப்புறம் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ பிடித்துப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். நம்பினால் நம்புங்கள், அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த இரண்டு கையும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை, நடுவில் ஒரு மனுஷக் கால் பருமனுக்கு இடைவெளி அப்படியே இருந்தது.

"அம்மா" என்றேன். திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர்.

"எடது கால்ல ரெண்டு வெரலு பனியில மரத்துப்போச்சாமே சேகரு. உங்கிட்ட சொன்னானாமே. எங்கிட்ட சொல்லாதன்னானாமே."

அவன் பட்டாளத்தில் இருந்தபோது நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு எஸ்டிடி பூத்தில் வேலை பார்த்தேன், பீட்டர் அங்கேதான் போன் செய்வான். கடைசியாகப் பேசியபோது அந்த விரல்களைப் பற்றிச் சொல்லி, "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதடா, அது சாப்புடாது" என்றான். நான் யாரிடமும் சொன்னதில்லை, என் பெண்டாட்டியிடம்கூட.

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். எனக்குச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது, அம்மாவின் உள்ளங்கை மட்டும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. வல்லம் போய் இறக்கிவிடும்போதும் தொட்டுப் பார்த்தேன், அதே சில்லிப்பு.

"இன்னாம்மா இது, இப்டி சில்லுன்னு கீது?"

"எஞ்சூடு அவனுக்குப் போயிருக்கும்ப்பா" என்று சாதாரணமாகச் சொன்னார்.

மனசு கேட்காமல் விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். டெஸ்ட் எல்லாம் எடுத்தார், ரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார், அவரே ரெண்டு மூன்று தடவை அந்தக் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதிலிருந்து மாசா மாசம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பொங்கலுக்குப் போனபோது மணிக்கட்டு வரைக்கும் சில்லென்று இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா மாதா கோயில் பூசை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார், பீட்டர் போனதற்கு அப்புறம் இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. மத்தியானமானால் வந்துவிட்டுப் போகிறானாம். கையைத் தொட்டேன். சில்லிப்பு முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது.

"போதும்மா. இதோட விட்ருங்கம்மா" என்றேன்.

சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"எப்டிப்பா வுட முடியும்? இப்பதான் ஒரு காலு சூடாச்சு. இன்னொண்ணு இருக்குதே."