தூண்டிலுக்கு இரண்டு வருஷம் தடை

இன்று தலவாக்கலையில் ஆற்று மீன்வளத்தை மீட்கும் திட்டம் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதிகாரி சிங்களத்தில் பேச, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நான் அதைத் தமிழில் சொன்னேன்.

மீன்குஞ்சுகளை விட்டபின் இரண்டு வருஷத்துக்கு யாரும் மீன் பிடிக்கக் கூடாது. ஆட்சேபணை உண்டா?

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வமணி எழுந்தார்.

"எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை பூரா தூண்டிலோட ஆத்துலதாங்க கெடப்பாரு. அதனாலதான் குடிக்கத் தவறணைப் பக்கம் போறதில்ல. ரெண்டு வருஷம் அவர எங்கங்க கொண்டுபோய் விடுறது?"

பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி, ஒங்க வீட்டுலயும் இதே கததான்."

சிரிப்பு நின்றது.

மொழிபெயர்த்தேன். அதிகாரி திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைப் புரட்டினார். நீர்ப்பறவைகள் வரை இருந்தன, புருஷன்மார் இல்லை.

"இது சுற்றாடல் பிரச்சினை இல்லையே" என்றார்.

அதையும் தமிழில் சொன்னேன்.

"தடை போட்டப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க லயத்து வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றார் செல்வமணி.

தவறணையை இரண்டு வருஷம் மூடலாமா என்று எங்காவது கருத்துக் கேட்டால் சொல்லுங்கள். மொழிபெயர்க்கச் சும்மாவே வருகிறேன்.