ஏட்டில் எல்லாம் மலடு

அவளுக்குத் தேதிக்காரி என்று பட்டப்பெயர். மாடு சினைக்குக் கத்திய நாள், ஊசி போட்ட நாள், கன்று ஈன்ற நாள் எல்லாம் தொழுவச் சுவரில் கரிக்கோடாக இருக்கும். சாயங்காலம் அதை நோட்டில் ஏற்றிவிடுவாள். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் மாட்டு இனவிருத்தித் திட்டத்தில் சேர்ந்தபோது பதினொரு பக்க விதிகளையும் படித்த பிறகே கையெழுத்துப் போட்டவள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

மாட்டின் காதில் நம்பர் போட்ட வில்லை மாட்டுவார்கள். அவர்கள் கொடுக்கும் சினை ஊசியைத் தவிர வேறு கூடாது. வருடம் ஒரு தவணை பணம் வரும். ஐந்து வருடத்துக்குள் விலகினால் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காவிட்டால் மட்டும் கட்டாமல் விலகலாம்.

அவள் இரண்டு தவணை வாங்கியிருந்தாள். செவலைப் பசுவுக்கு மூன்று ஊசியும் பிடிக்கவில்லை. பிடிக்காத காரணமும் நோட்டில் இருந்தது. குளிரில் வைக்க வேண்டிய விந்துக்குச்சியைத் திட்டத்தின் ஊசிக்காரர் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உச்சி வெயிலில் பைக்கில் வந்திருந்தார். மூன்று முறையும் அப்படித்தான். விலகுகிறேன் என்று கடிதம் கொடுத்தாள். பதில் இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் காளைக்கு விட்டாள். பிடித்துக்கொண்டது.

கடிதம் கொடுத்த ஐந்தாம் மாதம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அலுவலர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். மூடியை மேசைத் துணியில் துடைத்து, பேனாவை நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா. ஒரு பைசா கட்ட வேண்டாம்."

தாளில் விலகும் காரணத்துக்கு இரண்டு கட்டம். ஒன்று ஊசியின் குறை. மற்றது மாட்டின் மலடு. மலட்டில் ஏற்கெனவே குறி போட்டிருந்தது.

"என் மாடு மலடு இல்லையே சார். குறை உங்க ஊசியில."

"அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மாடு வந்து படிக்கப்போகுதா?"

ஏட்டைப் புரட்டிக் காட்டினார். விலகியவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். இருநூற்றுப் பதினான்கு மாடும் மலடு. அந்த மாடுகளின் பால்தான் தினமும் காலையில் வண்டி வண்டியாக அதே தெருவில் போகிறது. அவள் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள்.

வீட்டில் அண்ணன் சொன்னார்: "காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுட்டு வா பாப்பா. வெறும் பேருதானே?"

"பேருதானா அண்ணே? அந்தக் காது வில்லை நம்பரைப் பாத்தா மலடுன்னு வரும். நாளைக்கு விக்கப் போனா கறிக்குத்தான் கேப்பான். கன்னுக்குட்டியப் பாத்துட்டு, மலடு பெத்த மகராசின்னு சிரிப்பான்."

மறுநாள் அண்ணன் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தார்.

அலுவலக முற்றத்தில் மாட்டைக் கட்டிவிட்டு அவள் விதிகளின் ஏழாம் பக்கத்தை விரித்தாள். "மலடுன்னு பதியறது நேரில் பரிசோதித்த பிறகேன்னு போட்டிருக்கு சார். பரிசோதிங்க."

அலுவலர் மாட்டையும் தன் வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். ஊசிக்காரரைக் கூப்பிட்டார். அவர் உறை மாட்டி, மாட்டின் பின்புறத்தில் தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினார்.

"இருக்கு சார். நாலு மாசம்."

"அப்படியா!" அலுவலர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப காளைக்கு விட்டிருக்க. விதிமீறல். ரெண்டு தவணையும் கட்டணும்."

"நான்தான் முன்னாடியே கடுதாசி குடுத்துட்டேனே?"

"நாங்க ஏத்துக்கிட்டோமா? ஏத்துக்கிற வரைக்கும் நீ எங்க ஆளுதான்." குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் கெட்டுப்போகலை. மலடுன்னு போட்டுக்கோ, பணமே வேண்டாம்."

ஊசிக்காரரின் கையிலிருந்து சாணம் சொட்டிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு நாறவில்லை. பிறந்ததிலிருந்து அதில் புழங்கியவள். நாறியது மேசைப் பக்கம்.

"சினைன்னு எழுதுங்க. இன்னைக்குத் தேதி போடுங்க. பால் காசுல மாசாமாசம் கட்டிடறேன்."

"பாப்பா..." என்றார் அண்ணன். அவள் திரும்பவில்லை.

"பொழைக்கத் தெரியாத பொம்பளை" என்று அலுவலர் பேனாவை நீட்டினார். அவள் அதைத் தொடாமல், நோட்டுக்குள் இருந்த தன் பேனாவை எடுத்தாள். இருநூற்றுப் பதினான்கு மலட்டுக்குக் கீழே முதல் சினையைப் பதியவைத்து, கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டாள்.

குழாயடியில் ஊசிக்காரர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சோப்பை இப்படிக் குடுங்க."

"நீங்க எதையும் தொடலையேம்மா?"

"அந்த ஏட்டைத் தொட்டேனே" என்று அவள் முழங்கைவரை நுரை பூசினாள்.