கை எட்டாத தூரம்

வட்டக்கானலில் குடியிருந்த கித்தேரியம்மாள், கொடைக்கானல் பள்ளிக்கூடம் ஒன்றின் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தாள். பிள்ளைகள் மலைக்குள் டெண்ட் அடித்துத் தங்கப் போகும்போதெல்லாம் பாத்திரங்களோடு அவளும் போவாள். கணவன் அலெக்சாண்டர் மஸ்கட்டுக்கு லாரி ஓட்டப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவனுக்கு அவள் எழுதும் கடிதம் எப்போதும் ஒரே மாதிரிதான்: இங்கே எல்லாரும் சுகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அந்த வீட்டில் எல்லாரும் என்றால் அவள் ஒருத்திதான்.

1981 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஒன்பது சிறுமிகளும் இசபெல்லா டீச்சரும் அவளும் ஒரு புல்மேட்டில் தங்கியிருந்தார்கள். உச்சியில் ஒற்றை யூக்கலிப்டஸ் மரம், அதை ஒட்டி டெண்டுகள். மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு இடி உருண்டது.

"எல்லாரும் டெண்டுக்குள்ள வாங்க!" என்று டீச்சர் கூப்பிட்டார்.

"வேண்டாங்க டீச்சர். டெண்டுல இரும்புக் கம்பி, பக்கத்துல ஒத்த மரம். வெரசா கீழ எறங்கிருவோம்," என்றாள் கித்தேரியம்மாள்.

"பிள்ளைங்க நனைஞ்சிருமே?"

"நனைஞ்சா துவட்டிக்கலாங்க."

போன வருடம் இப்படி ஒரு மரத்தடியில் ஒட்டி நின்ற நாலு மாடுகள் ஒரே இடியில் செத்துக் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள்.

டீச்சரும் இறங்கி வர, சரிவின் பள்ளத்தில் பிள்ளைகளை ஆளுக்கொரு இடமாகத் தள்ளித் தள்ளிக் குந்த வைத்தாள். "காலைச் சேத்து வச்சுக்கோங்க. கையைத் தரையில ஊணாதீங்க. யாரும் படுக்கக் கூடாது."

கடைசியில் இருந்தவள் வடிவு. ஜூனில்தான் வத்தலக்குண்டிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்தவள். "அக்கா, உங்க கையைப் பிடிச்சுக்கிறேன்," என்று அழுதாள்.

"வராதே கண்ணு. தொட்டுக்கிட்டு இருந்தா எல்லாரையும் சேத்து அடிச்சிரும். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இரு."

மழை கொட்டியது. கடலுக்கு அப்பால் இருப்பவனை நினைத்து அவள் அதுவரை அழுததில்லை. பத்தடி தள்ளி அழுகிற பிள்ளையைத் தொட முடியாமல் குந்தியிருந்தபோது, அவளை அறியாமல் அழுகை வந்தது. அந்த நேரத்தில்தான் கண் கூசும் வெளிச்சம். மேட்டு மரம் உச்சியிலிருந்து பிளந்தது. பக்கத்து டெண்ட் கருகிச் சரிந்தது.

கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை அவள் யாரையும் எழ விடவில்லை. எழுந்ததும் வடிவு ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வேன் நின்ற இடம் வரை விடவேயில்லை.

மறுநாள் கித்தேரியம்மாள் எழுதினாள்: "நான் சுகமாக இல்லை. நீங்கள் வர வேண்டும்."

காண்ட்ராக்ட் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்று பதில் வந்தது. சொன்னபடியே 1983 ஜனவரியில் வந்தான். வெள்ளனே வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய் அவளே அழைத்து வந்தாள். அவன் இருந்த இரண்டு மாதமும் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே கடைத்தெருவில் நடந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

மார்ச்சில் அவன் திரும்பவும் புறப்பட்டான். வத்தலக்குண்டில் மதுரை பஸ் வளைவு திரும்பும்வரை ஜன்னலுக்கு வெளியே அவன் கை தெரிந்தது. பிறகு அவள் தபாலாபீஸுக்குப் போய் வெளிநாட்டுக் கடிதத்தாள் ஒன்று வாங்கிக்கொண்டு, மலை ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.