நங்கூரத்தில் நிற்கும் கப்பலும் பத்துக்கு ஏழு மார்க்கும்

யாரோ நாலு வருஷம் பாடுபட்டுச் செய்ததை நாலு நாளில் விளையாடிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவதுதான் கேம் விமர்சகரின் தொழில். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்கள், கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்புப் பார்க்க அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் என் இனம். நல்ல பேர் வாங்காத இனம். அதனால்தான் உங்களிடம் மனம் விட்டுச் சொல்கிறேன்.

நான் எழுதுவது சென்னையிலிருந்து நடக்கும் ஓர் இணையப் பத்திரிகைக்கு. இருப்பது தூத்துக்குடியில், அம்மாவோடு. கன்சோலில் வரும் புது ஆட்டங்களைக் கடைக்கு வருமுன்பே எனக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பி ஜெரால்டு கப்பலில் இன்ஜினியர். போன வருஷம் அவன் ஏறிய சரக்குக் கப்பலை வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, கப்பல் கம்பெனி கையைக் கழுவிவிட்டது. கப்பல் மேல் வழக்கு. அது முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் வழியில்லை.

டீசலை மிச்சம் பிடிக்கச் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும். அப்போது, ஜெரால்டு கொண்டுபோன கன்சோலைச் சாப்பாட்டு அறை டிவியில் மாட்டி எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். சிக்னல் கிடைக்கிற அன்றைக்கு என் விமர்சனத்தைப் படித்துவிட்டு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவான்.

கார் பந்தயம்

ஒரு கார் பந்தய ஆட்டத்துக்கு ஆறு மார்க் போட்டேன். கார்கள் அழகு, சத்தம் அழகு. ஆனால் ஊருக்கு வெளியே போனால் ரோட்டில் ஈ காக்கை இல்லை. மைல் கணக்கில் சும்மா ஓட்ட வேண்டியிருக்கிறது, தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே அது நல்ல வரியாகத் தெரிந்தது.

அதே ஆட்டத்தின் டிஸ்க் ஜெரால்டிடம் இருந்தது. அவன் ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லையாம். காரை எடுத்து ஊரைத் தாண்டி, வேகத்தைக் குறைத்து, மரத்தைப் பார்த்துக்கொண்டே போவானாம். பக்கத்தில் இருப்பவர்களும் அவசரப்படுத்த மாட்டார்களாம். என் விமர்சனத்தைப் படித்துவிட்டு அவன் அனுப்பியது இது:

“யக்கா, ரோடு காலியா கெடக்குன்னு மார்க்கக் கொறச்சிருக்கியே. ரோடுன்னு ஒண்ணு கெடக்கதே எங்களுக்குப் போதும்.”

சண்டை

சண்டை ஆட்டங்களின் ரசிகர்களைப் பற்றி இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடி ஆட்டத்தில் விழுவதைவிட விமர்சனத்தின் அடியில்தான் அதிகம் விழும். புதிதாக வர இருந்த ஒன்றுக்கு நான் ஏழு போட்டேன். அவ்வளவுதான், சாதி சனத்தையெல்லாம் இழுத்துத் திட்டினார்கள். பேருக்குப் பதில் இனிஷியல் போட்டு எழுதுவதால் என்னை ஆண் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு வசதி.

அன்று காலையில்தான், கப்பலில் குடிதண்ணீரை அளந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஜெரால்டு சொல்லியிருந்தான். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. திட்டியவர்களில் ஒருவர் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார். அவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டேன். அவர் எழுதியிருந்தது இது:

“அண்ணாச்சி, கேம் இன்னும் வரல, நான் விளையாடவும் இல்ல. ஆனா நீங்க போட்ட ஏழு தப்புன்னு எனக்குத் தெரியும்.”

துப்பாக்கி

கப்பலில் இருந்த டிஸ்க்குகள் எல்லோருக்கும் சலித்துவிட்டன. அந்தத் துறைமுக ஊரில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். சதக் காக்கா என்று கூப்பிடுவோம்; அவர்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். கப்பலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் படகில் ஒரு டிஸ்க் மட்டும் வைத்து அனுப்ப அவரால் முடியும், எது வேண்டும் என்று கேட்டார். நான் விமர்சகர் இல்லையா? உலகத்தில் உள்ள விமர்சகர்கள் எல்லாம் தலையில் தூக்கிவைத்து ஆடிய, நானும் ஒன்பது போட்ட, ஒரு துப்பாக்கி ஆட்டத்தைச் சொன்னேன். காக்கா நாலு கடை ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் காலத்து டிஸ்க்கில் ஆட்டம் முழுசாக இருப்பதில்லை. போட்டவுடன் மீதியை நெட்டில் இறக்கச் சொல்லும். வீட்டில் ஃபைபர் லைன் வைத்திருக்கிற எங்களுக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரம், எந்த விமர்சனத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. கப்பலில் ஒரு போட்டோ அனுப்பவே சிக்னல் திணறுகிறது. ஜெனரேட்டர் நிற்கும்வரை எல்லாரும் அந்த முதல் திரையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு விமர்சனத்திலும், நெட் இல்லாமல் ஓடுமா என்பதுதான் முதல் வரி. கடல்வேலை பார்க்கிற வாசகர்கள் எத்தனை பேர் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஜெரால்டு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“பொட்டி நல்லாருக்குக்கா. மேல உள்ள படத்த எல்லாரும் ஒருவாட்டி பாத்துட்டோம்.”

பேய்

ஆளில்லாத கப்பலுக்குள் ஒருவன் டார்ச்சை வைத்துக்கொண்டு வழி தேடுகிற பேய் ஆட்டம் அடுத்து வந்தது. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எடிட்டரிடம் கேட்டேன். கப்பல்காரர் வீட்டுப் பெண், உங்களைவிட யார் நன்றாக எழுதப் போகிறார்கள் என்றார். விமர்சனம் வெளியிடக் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும். பட்டப்பகலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடினேன். பயமே வரவில்லை, அழுகைதான் வந்தது. ‘பயமுறுத்தத் தவறுகிறது’ என்று எழுதத் தொடங்கியிருந்தேன்.

அம்மா ஜெபமாலையோடு அறைக்குள் வந்தாள். நான் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் இருட்டு, துருப்பிடித்த இரும்புக் கதவு, அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். அம்மா வெகுநேரம் அதையே பார்த்தாள். அது விளையாட்டு என்று அவளுக்கும் தெரியும்.

“ஏளா, மொதல்ல அந்தப் பிள்ளைய வெளிய கூட்டிட்டு வா. மார்க்கு பொறவு போடலாம்.”

விவசாயம்

நிலம் உழுது, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, முளைக்கும்வரை காத்திருக்கிற ஆட்டம். செய்ததையே செய்ய வேண்டும். பொறுமையைச் சோதிக்கிறது என்று ஐந்து போட்டேன். நெட் இல்லாமல் ஓடும் என்பதை மறக்காமல் சொன்னேன். அதைப் படித்துவிட்டு, நான் சொல்லாமலே சதக் காக்கா படகில் அனுப்பிவிட்டார்.

கப்பலில் ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக்கொண்டார்களாம். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு பேர் நடுவில் ஒரு வேலி போட்டு, பிறகு அந்த வேலியைப் பற்றியே பேசத் தொடங்கி ராசியாகிவிட்டார்களாம். மார்க்கை மாற்றட்டுமா என்று எடிட்டரிடம் கேட்டேன். வெளியான மார்க் வெளியானதுதான் என்றார்.

“நீ அஞ்சு போட்ட கேம்லதான்க்கா எங்க குக்கு தக்காளி போட்டிருக்காரு. காய்ச்சிட்டான்னு பாக்கத்தான் எல்லாரும் கரண்டு வார நேரத்துக்குக் காத்துக் கெடக்கோம்.”

கால்பந்து

ஒருவழியாக ஆட்களை இறக்கிவிடலாம் என்று உத்தரவு வந்தது. அம்மா அன்றைக்கே மாதா கோயிலுக்குப் போய் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் கப்பலை ஆளில்லாமல் விடக் கூடாதாம். வழக்கு முடிந்து கப்பல் விலைபோகும்வரை காவலுக்கு ஒருவர் இருந்தாக வேண்டுமாம். கேப்டனை உடம்பு சரியில்லை என்று முன்பே கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாருக்காகவும் வக்கீலுக்கும் துறைமுகத்துக்கும் மெயில் எழுதிக்கொண்டிருந்தவன் ஜெரால்டு. அதனால் அந்த அதிகாரிகளுக்குத் தெரிந்த ஒரே பேர் அவனுடையது. காவலுக்கு அதையே எழுதிவிட்டார்கள். மற்றவர்கள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் படகில் இறங்கிப் போனார்கள்.

அந்த வாரம் எனக்கு வந்தது ஒரு கால்பந்து ஆட்டம். பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொண்டு ஆடினால் இதைப்போல ஒரு ஆட்டம் வராது, தனியாக ஆடினால் சப்பென்று இருக்கிறது என்று எழுதி எட்டு போட்டேன். அது தொழில் சுத்தமான தீர்ப்பு. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். அதன் டிஸ்க் சதக் காக்கா மூலம் அவனிடம் போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் வந்தது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை.

“நீ எழுதுனது சரிதான்க்கா. ரெண்டு கன்ட்ரோலரையும் நானே வச்சு ஆடுதேன், எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் கத்த ஆளு இல்ல.”

எந்த ஆட்டம் எத்தனை மணி நேரத்தில் முடியும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்குகிற நான், ஜெரால்டு எப்போது வருவான் என்று அம்மா கேட்டால் மட்டும், அடுத்த விமர்சனத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுகிறேன்.