பால் நேரத்தில் வைத்த குடில்

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வயதுக்குக் கீழே யாரைக் கேட்டாலும் ஜீவராணி ஆயம்மாவைத் தெரியும். அவர்களுடைய அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போன நேரத்தில், பிள்ளைக் காம்பராவில் அவர்களைத் தூங்க வைத்தவள் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த மிஸ்மார் என்னிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிள்ளை என் கை தவறி விழுந்ததில்லை. லயத்து ஒற்றை அறையில் பிறந்தவள் சொந்த வீடு கட்டினேன், மகளை டீச்சராக்கினேன். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த ஒரு நாளை மறைத்தால் எல்லாமே பொய்யாகிவிடும்.

ஏழு வருடத்துக்கு முன் நடந்தது. கிறிஸ்மசுக்கு இரண்டு நாள் இருக்க, தோட்ட மேனேஜர் பெரிய துரையும் அவர் சம்சாரம் துரைசாணியும் காம்பராவைப் பார்க்க வருவதாகத் தகவல். சும்மா கும்பிட்டு அனுப்பினால் அது ஜீவராணியா? மானாப்புல் வெட்டி வந்து குடில் கட்டினேன். பெரிய பிள்ளைகளுக்குச் சிறகு கட்டிச் சம்மனசாக நிறுத்தினேன். குழந்தை இயேசுவுக்குப் பொம்மை வைக்க மனசு வரவில்லை. நாகலெட்சுமியின் மூன்று மாதப் பையன் விஜிதரன் கொழுகொழுவென்று இருந்தான். அவனையே புல்லில் கிடத்தினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து மணி பால் நேரம். கைப்பிள்ளைக்காரிகள் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். துரையும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். நாகலெட்சுமி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். கொஞ்சம் பொறு என்று கை காட்டினேன். துரைசாணி படம் எடுத்து முடிக்கிற மாதிரி இல்லை. பையன் பசியில் வீறிட்டான். விரலைச் சீனித்தண்ணியில் தோய்த்து அவன் வாயில் வைத்தேன். பால்குடிக்குச் சீனித்தண்ணி கொடுத்த அம்மாமாரை நான் ஏசாத நாளில்லை.

அரைமணி நேரம் அவள் தூறலில் நின்றாள். சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்துவிட்டது. துரையோடு வந்த ஆம்பளைகள் கண்ணில் படாமல் இருக்க, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இழுத்து மூடிக்கொண்டாள். அவர்கள் போனதும் உள்ளே வந்து பையனைத் தூக்கி வாயைத் துடைத்தாள்.

“சீனித்தண்ணியா குடுத்தீங்க, ஆயம்மா?”

“ரெண்டு சொட்டு. செத்தா போயிட்டான்?”

இதுதான் நான் சொன்ன பதில்.

மறுநாள் அவள் பையனைக் கொண்டு வரவில்லை. வேலைக்கும் வரவில்லை. நான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று, பிள்ளையைச் சாமியாக வைத்ததுக்கு இவளுக்கு இவ்வளவு திமிரா என்று நாலு பேர் கேட்கப் பேசினேன். வருடம் திரும்புமுன் அவள் தோட்டத்தின் மேல்பிரிவில் இருந்த அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

அதன்பிறகு எந்தக் கிறிஸ்மசும் எனக்குச் சரிப்படவில்லை. புதுச்சேலை, கேக், பாட்டு எல்லாம் உண்டு, மனசு மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. வருடா வருடம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொல்வேன். போன வருடம் சாமியார் சலித்துப்போய், என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா என்று கேட்டுவிட்டார்.

அந்தத் திருநாளுக்கு முதல் நாள் காலையில் பலகாரத் தட்டோடு மேலே ஏறினேன். முட்டி வலி உயிரை எடுத்தது. வாசலில் விளையாடிய பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“அம்மா, யாரோ ஒரு பாட்டி வந்திருக்காங்க.”

நாகலெட்சுமி வந்தாள். “அன்னைக்கு நான் செஞ்சது தப்பு, சொன்னதும் தப்பு” என்றேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து என் மகளே கேட்டதில்லை.

அவள் தட்டை வாங்கி வைத்தாள்.

“கோவமெல்லாம் இவன் நடக்கத் தொடங்குறப்பவே போயிருச்சு, ஆயம்மா. நீங்க வருவீங்கன்னு பாத்தேன். அப்புறம் பாக்குறதயும் விட்டுட்டேன்.”

தேத்தண்ணி கொடுத்தாள், குடித்தேன். கோபமே இல்லாத வீட்டுக்குப் பயந்து இத்தனை வருடம் கீழேயே இருந்திருக்கிறேன்.

அன்று இரவுப் பூசையில் மனசு அடங்கித்தான் இருந்தது. சந்தோசம் என்று சொல்ல மாட்டேன். காலையில் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்தப் பையன் படி வரை வந்து, “பாத்துப் போங்க பாட்டி” என்றான். ஆயம்மா என்று கூப்பிடச் சொல்ல வாய் வரை வந்தது. கேட்க எனக்கு என்ன பாத்தியம்? தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.