சுவரைத் தட்டிப் பார்த்தவர்

முதலில் கம்புச் சத்தம்தான் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து, சமையலறை வாசலில் நின்று, சுவரையும் கூரையையும் தட்டினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். குழம்புச் சட்டியோடு உள்ளே போகப் பார்த்த என்னைக் கையைக் குறுக்கே நீட்டி மறித்தார். தட்டி முடித்த பிறகுதான் விட்டார். எலி பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் தட்டினார். பிறகு ஒவ்வொரு வாசலிலும் தட்டினார்.

நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகையில் திருத்திப் போடுங்கள், சொல்வதை மட்டும் மாற்ற வேண்டாம். வீட்டில் இப்படி நினைவு தடுமாறும் ஒருவரை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில், சுரங்கம் மூடும் வரைக்கும் பூமிக்கடியில் வேலை செய்தவர். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டுக்குக் கிளம்புகிறவரை எங்கே, என்ன வேலை, எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. கீழே நடப்பதை ஆண்களும் வீட்டில் பேசுவதில்லை. அத்தனை வருஷம் சோறு கட்டிக் கொடுத்தேன், அந்தச் சோற்றை எந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது.

தட்டித் தட்டிச் சுவரில் காரை பெயர்ந்தது. பக்கத்து வீட்டு வசந்தா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, மாமா எந்தப் பக்கம் வெச்சாருன்னு மறந்துட்டாரா? கெடச்சா எனக்கும் ஒரு மூக்குத்திக்குக் குடு.”

எங்கள் ஊரில் வயதான சுரங்கத்து ஆள் சுவரைத் தட்டினால் ஜனங்கள் ஒன்றைத்தான் நினைப்பார்கள். அந்தக் காலத்தில் பொன் கல்லைத் திருடி வந்து வைத்துப் பூசியிருக்கிறான் என்பார்கள். தினமும் சுரங்கத்து கேட்டில் சோதனை போட்டுத்தான் அவரை வெளியே விட்டார்கள். ஒரு நாளும் அவர் தலை குனிந்து வந்ததில்லை.

“உங்க மாமனாரு வெச்சதையே நீ இன்னும் தேடி முடிக்கலயாமே, அத்த மொதல்ல பாருடி,” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர் கையிலிருந்து கம்பைப் பிடுங்கி மேலே பரணில் போட்டேன்.

அதிலிருந்து அவர் வீட்டுக்குள் வர மறுத்தார். வாசற்படியிலேயே சாப்பிட்டார், பனியில் அங்கேயே படுத்தார். நான் உள்ளே போனால் புடவையைப் பிடித்து இழுத்தார். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் மகன் கெஞ்சினான்.

“டாக்டர் கிட்ட காட்டலாம்மா.”

“காட்டி? பைத்தியம்னு பேரு வெக்கவா? கம்முனு இரு. தானா சரியாயிடும்.”

ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் இப்படியே போயின. கடைசியில் ஒரு நாள் சமையலறைக்குள் போன என்னை அவர் பின்னாலிருந்து இழுத்த வேகத்தில் விழுந்தேன், மணிக்கட்டு வீங்கிவிட்டது. மகன் என்னைக் கேட்கவில்லை. இரண்டு பேரையும் கோலார் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

ஸ்கேன் (தலைக்குள்ளே படம் எடுப்பது) எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். “இது டிமென்ஷியா (மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நினைவும் நிதானமும் குறையும் நோய்). மாத்திர கொஞ்சம் வேகத்தக் கொறைக்கும்மா. போனதத் திருப்பிக் கொண்டாராது,” என்றார். பிறகு, “முன்னாடியே வந்திருக்கலாமே,” என்றார். மகன் தரையைப் பார்த்தான்.

எங்கள் ஊர் ஸ்டேஷன் பக்கத்து ஹாலில் சனிக்கிழமைகளில் இப்படிப்பட்டவர்களுக்குப் படம் போடவும் மண் பிசையவும் சொல்லித் தருகிறார்கள் என்றும் அந்த டாக்டர்தான் சொன்னார். போய்ப் பார்த்தால் கிழடுகளுக்கு முன்னால் கலர் டப்பாவும் கிண்ணமும்.

“இன்னாடா இது, பால்வாடியா? எங்க வீட்டுக்காரரு சொரங்கத்துல பெரிய கேங்கையே வெச்சி வேல வாங்கினவரு,” என்றேன் மகனிடம்.

அவரும் உள்ளே வரவில்லை. டீச்சர் ஸ்வேதா, கன்னடத்துப் பெண், ஓடி வந்து ஒரு நீளப் பிரஷ்ஷை நீட்டினாள். “தாத்தா, யாவ கலர் வேணும்?” அவர் பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் கதவு நிலையைத் தட்டினார். அவள் பாட்டு என்று நினைத்துக் கை தட்டினாள். உள்ளே இருந்த எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள்.

மனைவியைக் கூட்டி வந்திருந்த தனபால் மட்டும் தட்டவில்லை. அவரும் பழைய சுரங்கத்து ஆள்தான். “கைய நிறுத்துங்கப்பா, அண்ணனுக்குக் காது கேக்கணும்ல,” என்று சத்தம் போட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“அண்ணி, உங்களுக்குத் தெரியாதா? கீழ எறங்கினா மொதல்ல பாறையத் தட்டிப் பாக்கணும். கெட்டியா இருந்தா கணீர்னும். உள்ள விரிசல் விட்டுப்போயிருந்தா பொத்துனு கேக்கும், தலையில வுழுந்துடும். தட்டிப் பாக்காத எந்த மேஸ்திரியும் தன் ஆள உள்ள விட மாட்டான்.”

தட்டி முடித்து, அவர் என் கையைப் பிடித்து ஹாலுக்குள் கூட்டிப்போனார்.

அன்று சாயங்காலமே பரணிலிருந்து கம்பை எடுத்துக் கொடுத்தேன். வசந்தா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்றிருந்தேன். அவர் வீட்டுக்குள் வந்து படுத்தார்.

ஸ்வேதா பெரிய தாளைச் சுவரிலேயே ஒட்டிக் கொடுத்தாள். தட்டுவார், கேட்பார், பிறகு கறுப்பை அப்புவார், நடுவில் ஒரு மஞ்சள். என்ன படம் என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன்: “இது இன்னா எடம்ங்க?” வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் கிடந்த அந்தக் குளிர்காலத்தில் அவரிடம் இன்னும் சொற்கள் இருந்தன. அப்போது நான் கேட்டிருக்கலாம்.

படம் வரைவதால் நோய் குணமாகும் என்று யாரும் நம்பிவிடாதீர்கள். அவருக்கும் ஆகவில்லை. ஆனால் சில மாதங்கள் பயமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விரலில் கலர் காயும்வரை ஊதிக்கொண்டிருப்பார், என் விரலையும் இழுத்து ஊதுவார். அந்த மாதங்களைத்தான் இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். என் மானத்துக்குக் காவல் இருந்து அந்தக் காலத்தைக் கரைத்துவிட்டேன்.

இப்போது படுக்கையில் இருக்கிறார். என்னை யாரோ நல்ல பொம்பளை என்று நினைத்துக் கும்பிடுகிறார். சனிக்கிழமை மகனை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஹாலுக்குப் போகிறேன். போன வாரம் ஒருத்தி தன் புருஷனோடு புதிதாக வந்திருந்தாள். அவர் மண்ணை வாயில் வைத்தார். “மானத்த வாங்காத, கம்முனு ஒக்காரு,” என்று அவர் கையில் அடித்தாள். அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுபோய் அவர் விரலைக் கழுவிவிட்டேன். “கொஞ்சம் தள்ளி ஒக்காரும்மா. கை நீட்ட அவருக்கு எடம் வேணும்ல,” என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். என் காலுக்கு அவருடைய மெதுவான நடைதான் பழகியிருக்கிறது. கடைத்தெருவில் தனியாக வரும்போதும், ஒருவர் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இடது முழங்கை விலகியே இருக்கிறது. அதை நான் மடக்குவதில்லை.