யாப்பின் எட்டாம் பிரிவு

இம்மாகுலேற்றுக்கு ஆம்பிளைகளின் கூட்டம் என்றாலே இளக்காரம்தான். பாரிசில் ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்கக் கோப்பை கழுவுகிறவள் அவள். வெறும் வாயை மெல்லுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது.

அது எண்பத்து நாலாம் வருடம். மன்னாரிலிருந்து வந்து எட்டு மாதம். ஒரே அறையில் ஐந்து பெண்கள், கதவில் யாரோ ஒருவரின் பெயர். அதனால் அகதி விண்ணப்பத்தில் லா ஷப்பல் பகுதியில் இருந்த தமிழ்ச் சங்கத்தின் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். விசாரணைத் தேதி அங்கேதான் வரவேண்டும். அது தவறினால் எல்லாம் போச்சு.

சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சீனிக்கு வரிசையில் நின்ற சனத்தை விரட்டிய குரலைப் பத்திரமாகப் பாரிசுக்கும் கொண்டுவந்திருந்தார். யாருக்குக் கடிதம் வந்தாலும் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். சனத்துக்குப் பிரெஞ்சு தெரியாதாம். அவருக்கு மட்டும் தெரியுமாக்கும்!

சங்கத்துக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுத நாலு ஞாயிறு கூடினார்கள். கொடியின் நிறத்துக்கே ஒரு ஞாயிறு போனது. கடைசி ஞாயிறு இம்மாகுலேற் எழுந்து இரண்டு வரி சேர்க்கச் சொன்னாள்: ஒருவரின் கடிதத்தை மற்றவர் உடைக்கக்கூடாது, விளக்கம் கேட்காமல் யாரையும் நீக்கக்கூடாது.

“தங்கச்சி, சகோதரங்கள் மாதிரி இருக்கிற இடத்திலை உரிமையை ஏன் எழுதவேணும்?” என்றார் தலைவர். “ரெண்டை எழுதினால், எழுதாததெல்லாம் இல்லையெண்டு ஆகிடும்.”

ஆகா, என்ன ஞானம் என்று தலையாட்டியது கூட்டம். தலையாட்டி மாடுகள் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அடுத்த வாரம் அவளை நீக்கியாயிற்று என்றும், அவள் பெயருக்கு வரும் கடிதம் இனித் திருப்பி அனுப்பப்படும் என்றும் ஆள்விட்டுச் சொன்னார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. யாப்பைப் பிரெஞ்சில் பதிவு செய்துகொடுத்த ழாக்கிடம் ஓடினாள். பாண்டிச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர்.

“அவங்க எழுதினதை யாரும்மா மொழிபெயர்ப்பாங்க?” என்றார் அவர். “சங்கம் பதியற பிரெஃபெக்த்யூர் ஆபீஸ்ல குடுக்கிற மாதிரிப் படிவத்தையே டைப் அடிச்சேன். உங்க தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டாரு. எட்டாவது பிரிவைப் பாரு. பதிவுத் தபால்ல கூப்பிட்டு விளக்கம் கேட்காம யாரையும் நீக்க முடியாது.”

தலைவர் வேண்டாமென்று தள்ளியதில் பாதி, அவர் கையெழுத்தோடேயே சட்டமாகியிருந்தது. பிரதியைக் கொண்டுபோய் மேசையில் போட்டாள். வேறு வழியில்லாமல் அவர் பதிவுத் தபால் அனுப்பினார். அவளுக்கு இருந்த ஒரே முகவரி சங்கத்தினுடையது. தபால்காரர் அங்கேதான் வந்தார். தலைவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். உரியவளின் கையெழுத்து இல்லாமல் தரமுடியாது என்று தபால்காரர், தபால் கந்தோரில் வந்து எடுக்கும்படி ஒரு துண்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார். அவள் கடிதத்தை எடுத்தால்தானே நீக்கலாம்? துண்டை வந்து வாங்கும்படி தலைவரே அவளுக்குச் சொல்லியனுப்பினார்.

விளக்கக் கூட்டத்துக்கு அவள் அந்தக் கடிதத்தை உடைக்காமலே கொண்டுவந்தாள். ஒட்டிய பக்கம் மேலே தெரிய அவர் முன்னால் வைத்தாள்.

“உடையுங்கோ அண்ணை. உங்களுக்குப் பழக்கம்தானே.”

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நீக்கச் சொல்லி ஒரு கையும் உயரவில்லை. மாடுகள் அப்போதும் தலையைத்தான் ஆட்டின, இந்த முறை அவள் பக்கம். அதற்காக அவர்கள் மேல் அவளுக்கு மதிப்பு ஒன்றும் கூடிவிடவில்லை.

மூன்றாம் வாரம் விசாரணைத் தேதியோடு அவளுடைய கடிதம் வந்தது. ஒட்டுப் பிரியாமல் வந்தது.